வீட்டில் காக்டெயில்: இது இல்லையென்றால் எதைப் போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பார் வைத்திருப்பவன் அல்ல. சென்னையில் ஒரு சின்னச் சமையலறையில், விடுமுறை நாட்களில் அண்ணன் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கலந்து கொடுக்கிறவன். செய்முறையை வாங்கிப்போய், பாதியில் ஏதோ ஒன்று கிடைக்காமல் போன் செய்கிறவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை ஒரு தடவை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

இத்தனை காக்டெயில்களில் எதை முதலில் கற்றுக்கொள்வது?

ஒரே ஒரு அளவை மனப்பாடம் செய்தால் போதும்: மது 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்ட வேண்டியதுதான். ரம் ஊற்றினால் அது டைக்கிரி. விஸ்கி ஊற்றினால் விஸ்கி சவர். ஜின் என்றால் ஜின் சவர். டெக்கீலா ஊற்றி, பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) சேர்த்தால் மார்கரீட்டா. டைக்கிரியைக் குலுக்காமல் உயரமான கிளாஸில் புதினாவும் சோடாவும் சேர்த்துக் கலக்கினால் மொஹீட்டோ. பெயர்தான் ஐந்து, கணக்கு ஒன்று.

இந்தக் கணக்கில் நான்கு வேலைகள் நடக்கின்றன. காரம் தர மது, புளிப்பு, இனிப்பு, அப்புறம் தண்ணீர். தண்ணீரை யாரும் செய்முறையில் எழுதுவதில்லை, ஏனென்றால் அது ஐஸிலிருந்து வருகிறது. கையில் ஒரு பொருள் இல்லாதபோது அதன் பெயரைப் பார்த்து மாற்றுத் தேடாதீர்கள். இந்த நான்கில் அது எந்த வேலையைச் செய்கிறது என்று பாருங்கள். கீழே வருகிற பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான்.

அளவுக் குவளை இல்லை. கண் அளவு போதுமா?

போதாது. சாம்பாரில் புளி கொஞ்சம் கூடினால் சமாளிக்கலாம். 100 மில்லி பானத்தில் 5 மில்லி சாறு கூடினால் முகம் சுளிக்கும். இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற பிளாஸ்டிக் மூடிக் குவளை எல்லார் வீட்டிலும் இருக்கும். 5, 10, 15 மில்லி கோடு போட்டது. நன்றாகக் கழுவிவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செய்முறைகளில் அவுன்ஸ் என்று இருந்தால் 30 மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஸ்மால் ஒன்றும் அதே 30தான்.

செய்முறையில் லெமன் என்கிறார்கள், சிலதில் லைம் என்கிறார்கள். நம் எலுமிச்சை எது?

லைம். நம் சந்தையில் சின்னதாக, மெல்லிய தோலோடு, பழுத்தால் மஞ்சளாகிற எலுமிச்சையைப் பார்த்து லெமன் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மெக்சிகோவிலும் கரீபியனிலும் கீ லைம் என்று சொல்கிற பழமும் இதுவும் ஒரே இனம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் தேசிக்காய் என்பதும் லைம்தான். லெமன் என்பது தடித்த தோலோடு, முட்டை வடிவில், பெரிய கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பழம்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. டைக்கிரி பிறந்தது கியூபாவில், சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் இருந்த டைக்கிரி என்ற சுரங்க ஊரில். 1890களின் கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் அது வழங்குகிறது. அந்த ஊரில் கிடைத்ததும் லைம்தான். ஆகவே டைக்கிரி, மார்கரீட்டா, மொஹீட்டோ எல்லாவற்றுக்கும் நம் எலுமிச்சை மாற்றுப் பொருளே அல்ல, சரியான பொருள்.

விஸ்கி சவர் போன்றவற்றில் லெமன் கேட்பார்கள். இரண்டிலும் அமிலத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 6 சதவீதம். ஆனால் லெமனில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். லைமில் அதோடு மாலிக் அமிலமும் சேர்வதால் புளிப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். 20 மில்லி கேட்டால் 15 ஊற்றிச் சுவைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள்.

ஒரு பழத்தில் 15 முதல் 20 மில்லி வரை சாறு வரும். தோலோடு சேர்த்து முறுக்கிப் பிழிந்தால் கசப்பும் இறங்கும், கவனம்.

எலுமிச்சை விற்கிற விலைக்கு சிட்ரிக் ஆசிட் போடலாமா?

கோடையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். போடலாம். 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்தால் புளிப்பு அளவில் எலுமிச்சைச் சாறுக்குச் சமம். ஆனால் மணம் இருக்காது. அதனால் பாதி நிஜச் சாறு, பாதி இந்தக் கரைசல் என்று கலந்து, ஒரு துண்டு தோலையும் கிளாஸின் மேல் பிழிந்துவிட்டால் பெரும்பாலானோர் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இதே வித்தையை ஆரஞ்சுச் சாறுக்கும் செய்யலாம். ஆரஞ்சில் அமிலம் 1 சதவீதம் அளவுக்குத்தான் இருப்பதால் எலுமிச்சையின் இடத்தில் அப்படியே ஊற்றினால் பானம் சப்பென்று இருக்கும். 100 மில்லி கமலா ஆரஞ்சுச் சாறில் 5 கிராம் சிட்ரிக் ஆசிட் சேர்த்தால் எலுமிச்சை அளவுக்குப் புளிக்கும். டார்க் ரம்மோடு பிரமாதமாக இருக்கும். சாத்துக்குடியில் இதை முயலாதீர்கள்; பிழிந்து கொஞ்ச நேரம் வைத்தாலே கசக்கும்.

சர்க்கரைப் பாகு செய்யாமல் சர்க்கரையையே போட்டால் என்ன?

குளிர்ந்த மதுவில் கரையாது. அடியில் நறநறவென்று தங்கிவிடும், மேலே புளிக்கும். எடையில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, சூடாக்கிக் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். ஜாமூன் பாகு மாதிரி கொதிக்கவிட்டுக் கம்பிப்பதம் பார்க்க வேண்டாம். தண்ணீர் சுண்டினால் அளவு மாறிவிடும். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று சில செய்முறைகள் கேட்கும். சமப்பாகு 30 மில்லிக்கு அந்தக் கெட்டிப்பாகு 20 மில்லி சரியாக இருக்கும்.

தேன் என்றால் அதே அளவு வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐஸில் பட்டு உறைந்து ஷேக்கரில் ஒட்டும். ஜின்னுக்குத் தேன் அருமை.

கருப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டி, சம எடை தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டினால் டார்க் ரம்முக்கும் விஸ்கிக்கும் அதைவிட நல்ல இனிப்பு கிடையாது. வெள்ளை ரம்மில் போட்டால் ரம் காணாமல் போய்விடும். எனக்குப் பிடித்தது: விஸ்கி 60 மில்லி, கருப்பட்டிப் பாகு 10, பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் சேர்க்கிற கசப்புச் சாரம்) 2 சொட்டு, ஒரு பெரிய ஐஸ். சுக்குக் கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

நன்னாரி சர்பத்தைப் பாகுக்குப் பதிலாக அப்படியே ஊற்றலாம். கடையில் விற்பது கெட்டிப்பாகு போல இனிப்பானது. 20 கேட்டால் 15 போதும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். வெறும் நிறமும் எசன்ஸும் என்றால் பானம் முழுக்க மருந்துக்கடை வாசம்தான்.

குவான்ட்ரோ, ட்ரிப்பிள் செக் போன்ற ஆரஞ்சு லிக்கர் கிடைக்கவில்லை.

கிடைத்தாலும் விலை. வீட்டில் செய்யலாம். ஒரு குவாட்டர் வோட்கா, அதாவது 180 மில்லி. இரண்டு கமலா ஆரஞ்சின் தோல், ஒரு சின்ன நாரத்தங்காயின் தோல். உட்புற வெள்ளைப் பகுதி வராமல் மெல்லிசாகச் சீவி வோட்காவில் இரண்டு நாள் ஊறப்போடுங்கள். வடிகட்டி, 100 கிராம் சர்க்கரையை 60 மில்லி தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். சுமார் 25 சதவீத மதுவோடு ஒரு நல்ல ஆரஞ்சு லிக்கர் கிடைக்கும்.

நாரத்தங்காய் எதற்கு என்றால், இந்த லிக்கர் வகையின் மூலமான குராசோவைச் செய்தது வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசக்கிற ஒரு ஆரஞ்சின் தோலில். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் வெறும் ஆரஞ்சு மிட்டாய் போல இருக்கும். குவான்ட்ரோ 40 சதவீதம், நம்முடையது 25. எனவே மார்கரீட்டாவில் டெக்கீலாவை 5 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ரம், விஸ்கியில் இதெல்லாம் சரியாக வருமா?

ரம்மில் சந்தேகமே இல்லை. ஓல்டு மாங்க் போன்ற டார்க் ரம்மில் வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும். டைக்கிரிக்கு அது கனம். பாகை 15 ஆகக் குறைத்தால் வேறு மாதிரியான, குறை சொல்ல முடியாத ஒரு பானம் கிடைக்கும். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைக் கேட்கிற செய்முறைகளில் நம் ஊர் விஸ்கியைவிட இந்த ரம் நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பர்பனைக் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைப்பதால் அதிலும் அதே வெனிலா வாசம்தான்.

விலை குறைந்த விஸ்கிகளில் பல, மொலாசஸிலிருந்தோ (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) தானியத்திலிருந்தோ வடித்த வாசமற்ற ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் சேர்த்தவை. அவற்றைச் சவரில் போடுங்கள், எலுமிச்சை காப்பாற்றிவிடும். மதுவே முன்னால் நிற்கிற மன்ஹாட்டன் போன்ற காக்டெயில்களுக்கு வேண்டாம்.

பழைய பஞ்ச் (பலருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கலக்கும் பானம்) செய்முறைகளில் அராக் என்று வருகிறது. அது நம் சாராயமா?

சொல் ஒன்று, பொருள் வேறு. அரபியில் வியர்வையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வடிக்கும்போது சொட்டுவதால் அந்தப் பெயர். லெபனான் பக்கம் அராக் என்றால் சோம்பு வாசமுள்ளது. ஜாவாவின் படாவியா அராக் கரும்பு மொலாசஸில் செய்வது. இலங்கை அராக் தென்னங்கள்ளை வடித்து மரப்பீப்பாயில் வைத்தெடுப்பது. செய்முறையில் இலங்கை அராக் கேட்டு உங்களிடம் இல்லையென்றால், முக்கால் பங்கு லேசான ரம், கால் பங்கு விஸ்கி என்று கலந்து பாருங்கள்.

கள்ளச்சாராயத்தை இதற்கு மாற்றாக யாரும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது, எலுமிச்சையும் முறிக்காது.

நெக்ரோனி காக்டெயிலுக்குக் காம்பாரி என்ற கசப்பு லிக்கர் இல்லாமல் ஏதாவது வழி?

இல்லை. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு என்பதுதான் அந்தப் பானமே. அதே வகையில் லேசான அபெரோல் இருந்தால் ஊற்றலாம். அது 11 சதவீதம்தான், இனிப்பும் அதிகம், ஆகவே வெர்மூத்தைப் பாதியாக்கி ஜின்னைக் கொஞ்சம் கூட்டுங்கள். நான் ஒருமுறை புத்திசாலித்தனமாக நிலவேம்புக் கஷாயத்தை முயன்றேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

வெர்மூத் ஒயின் வகை என்பதையும் மறந்துவிடுகிறோம். திறந்த பாட்டிலை ஷோகேஸில் வைக்காதீர்கள். பிரிட்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள்.

பிட்டர்ஸ் கட்டாயமா? இரண்டு சொட்டில் என்ன வந்துவிடும்?

ரசத்துக்குப் பெருங்காயம் போல. இருக்கும்போது தெரியாது, இல்லாதபோது தெரியும். 1806-இல் அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் காக்டெயில் என்ற சொல்லுக்கு விளக்கம் தந்தபோதே மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்றுதான் எழுதியது. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 1824-இல் வெனிசுவேலாவில் சீகர்ட் என்ற மருத்துவர் வயிற்றுக்கோளாறுக்காகச் செய்த மருந்து. ஒரு பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

வாங்க முடியாவிட்டால், 100 மில்லி ரம்மில் ஒரு துண்டு பட்டை, 4 கிராம்பு, 3 ஏலக்காய், காயவைத்த நாரத்தங்காய்த் தோல் ஒரு கைப்பிடி. லிக்கருக்கு வேண்டாமென்ற அந்த வெள்ளைப் பகுதி இங்கே அவசியம். கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. கிராம்பை இரண்டாம் நாளே எடுத்துவிடுங்கள், மற்றதை ஐந்து நாள் கழித்து வடிகட்டுங்கள். அச்சு அசல் அல்ல, ஆனால் அந்த வேலையைச் செய்யும்.

பச்சை முட்டை வேண்டாம். நுரைக்கு என்ன செய்வது?

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். உப்புப் போடாமல் வேகவைத்து, ஆறியபின் முட்டைவெள்ளைக் கரு மாதிரி கொழகொழப்பாக இருக்க வேண்டும்; நீர்த்திருந்தால் இன்னும் சுண்டவையுங்கள். ஒரு பானத்துக்கு 20 மில்லி. முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி, பிறகு ஐஸோடு 12 விநாடி குலுக்குங்கள். சுண்டல் வாசம் வருமே என்பார்கள். எலுமிச்சையும் விஸ்கியும் சேர்ந்தபின் வராது. வெள்ளைக் கடலை நல்லது, கறுப்புக் கடலை நிறம் இறக்கும்.

ஷேக்கர் இல்லாமல் குலுக்க முடியுமா? எவ்வளவு நேரம்?

இறுக மூடுகிற எந்த ஜாடியும் போதும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் நான் கற்றுக்கொண்டேன். சோடாவை மட்டும் உள்ளே ஊற்றிக் குலுக்காதீர்கள், சுவரைத் துடைக்க நேரிடும்.

எலுமிச்சை, முட்டை, பால் இருந்தால் குலுக்க வேண்டும். மதுக்கள் மட்டும் என்றால் கரண்டியால் கலக்கினால் போதும். குலுக்குவது 12 முதல் 15 விநாடி. 100 மில்லி ஊற்றினால் சுமார் 150 மில்லியாக வெளியே வரும். அந்தக் கூடுதல் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐஸ் உருகுவதால்தான் பானம் குளிர்கிறது, உருகாத ஐஸ் குளிரவைக்காது.

நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே எடுத்து வைத்த ஐஸ் மேலெல்லாம் ஈரமாகி, குளிர வைப்பதற்கு முன்பே தண்ணீரைச் சேர்த்துவிடும். ஜாடியில் ஐஸ் போட்டதும் தேங்கிய நீரை வடித்துவிட்டு மற்றதை ஊற்றுங்கள். ஐஸ் தட்டை மூடி வையுங்கள். வஞ்சிரம் இருக்கிற ஃப்ரீசரில் திறந்து வைத்த ஐஸ், வஞ்சிர ஐஸ்தான்.

ஜிஞ்சர் பியர், கிரெனடீன், பாதாம் சிரப், தேங்காய் கிரீம்: இவற்றுக்கு?

ஜிஞ்சர் பியருக்கு இஞ்சிச் சாறு 10 மில்லி, பாகு 20, மீதி சோடா. சாறைக் கால் மணி நேரம் தெளியவைத்து, அடியில் படிகிற வெள்ளை மாவை விட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். அம்மாக்கள் இஞ்சிச் சாறு கொடுக்கும்போது செய்வதுதான்.

கிரெனடீன் என்பது மாதுளைப் பாகு. மாதுளைச் சாறும் சர்க்கரையும் சம எடை. ரோஸ் மில்க் எசன்ஸ் நிறத்தில் ஏமாற்றும், சுவையில் மாட்டிக்கொள்ளும். பாதாம் சிரப்புக்கு ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை அரைத்துப் பிழிந்த பாலும் சர்க்கரையும் சமம், இரண்டு சொட்டுப் பன்னீர். கடையில் விற்கும் பாதாம் மிக்ஸ் வேண்டாம், ஏலக்காய் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

பீனா கொலாடா காக்டெயிலில் சேர்க்கிற தேங்காய் கிரீம் இனிப்பூட்டப்பட்டது. முதல் பால் 60 மில்லியில் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி கரைத்தால் சரி. அன்றே பிழிந்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

கலந்து முடித்தபின் ஏதோ குறைகிறது. எப்படிச் சரிசெய்வது?

குளிர்ந்தபிறகு சுவைத்துப் பாருங்கள். குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருந்தது ஐஸில் புளிக்கும். புளித்தால் பாகு 5 மில்லி, திகட்டினால் சாறு 5 மில்லி. தொண்டையில் எரிந்தால் இனிப்பைக் கூட்டாதீர்கள், இன்னும் ஐந்து விநாடி குலுக்குங்கள். அதற்குத் தேவை தண்ணீர். எல்லாம் சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் உப்பு. 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், பானத்துக்கு 2 சொட்டு. உப்பு கரிக்கக் கூடாது; எலுமிச்சை வாசம் மேலே வந்தால் போதும்.

எட்டுப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குலுக்கணுமா?

வேண்டாம், பஞ்ச் செய்யுங்கள். பஞ்ச் என்ற சொல்லின் முதல் பதிவே நம் சோழமண்டலக் கரையில்தான். 1632-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில் வருகிறது. மது, புளிப்பு, இனிப்பு, தண்ணீர், மசாலா என்ற ஐந்தினால்தான் 'பஞ்ச' என்று ஒரு விளக்கம் உண்டு, எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் அந்த ஐந்தில் மதுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ராமநவமிப் பானகம். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து பஞ்ச் செய்ய வேறு செய்முறையைத் தேடியதில்லை.

எலுமிச்சைச் சாறு 180 மில்லி, கருப்பட்டிப் பாகு 180, குளிர்ந்த தண்ணீர் 600, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, தட்டிய ஏலக்காய் 4. ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து வடிகட்டுங்கள். டார்க் ரம் அரை பாட்டில், 375 மில்லி சேருங்கள். டிபன் பாக்ஸில் உறையவைத்த பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் பாத்திரத்தில் போடுங்கள். சின்னக் கட்டிகளைவிட மெதுவாக உருகும். மேலே ஜாதிக்காயை லேசாகத் துருவினால் போதும். ஐஸ் உருகும் முன் கணக்கிட்டால் சுமார் 12 சதவீதம், ஒயின் அளவு.

ஒரு கிளாஸில் எவ்வளவு மது இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நம் ஊர் ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 60 மில்லியில் சுமார் 20 கிராம் சுத்த மது. இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடுவதால் காக்டெயில் வேகமாக இறங்கும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரே கிளாஸில் அதைத் தாண்டிவிடலாம். சாவியை வாங்கி அரிசி டப்பாவில் போட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

குடிக்காதவர்களுக்கு என்ன கொடுப்பது?

மேலே சொன்ன பஞ்சில் ரம் ஊற்றுவதற்கு முன்பே ஒரு சொம்பு எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மதுவின் துவர்ப்பும் கனமும் வேண்டுமென்றால் ஆறிய கடுங்காபி வேண்டாம், பால் சேர்க்காத கடுந்தேநீர் கால் பங்கு சேருங்கள். அதே கிளாஸ், அதே ஐஸ், அதே ஜாதிக்காய். எங்கள் வீட்டில் அந்தச் சொம்புதான் முதலில் காலியாகும். இப்போது இரண்டு சொம்பாக எடுத்து வைக்கிறேன்.